அங்காளம்மன் லாரி பொறந்த வருஷம்

நம்பறதும் நம்பாததும் உங்க பாடுங்க, டீ ஆறிப்போறதுக்குள்ள கேட்டுக்கங்க. சங்ககிரி ரோடும் திருச்செங்கோட்டு ரோடும் பிரியற இந்தக் கல்லங்காட்டுப் பிரிவுல, அதோ அந்த வேப்பமரத்தடியில, எஞ்சினை வித்து, டயரை வித்து, நாலு கல்லு மேல நின்னுக்கிட்டிருந்த, முன்பக்கம் நீண்ட ஒரு பழைய மூக்கு லாரி, போன சித்திரையில இருந்து ஐப்பசி வரைக்கும், தான் சுமந்த லோடையெல்லாம் கடைசியில இருந்து ஆரம்பிச்சுப் பின்னோக்கி ஒவ்வொண்ணாத் திருப்பிக் காட்டுச்சு. எல்லா லோடும் இல்லைங்க, எது எது அது மனசுல நின்னுச்சோ அது மட்டும். இதுக்கு ஏன் எதுக்குன்னு எங்கிட்டக் கேக்காதீங்க, நான் டீக்கடைக்காரி தெய்வான, வாத்திச்சி இல்லை.

அந்த வண்டி அர்த்தனாரியோடது, அவங்கப்பா நாச்சிமுத்து காலத்துல வாங்கினது. பேரு அங்காளம்மன். காயலான் கடைக்குப் போக இருந்ததை லாரிக்காரங்க சங்கம் தடுத்து, "இந்தச் சுத்துப்பட்டுல இதுதாம்ப்பா மூத்த வண்டி, பிரிவுல மேடை கட்டி ஏத்தி வெப்போம், பொறந்த வருஷத்தைக் கல்லுல வெட்டி வெப்போம்"னு முடிவு பண்ணாங்க. கல்லும் வந்து எறங்குச்சு. சாமி பேரு வெட்டி, வண்டி பேரு வெட்டி, கல்தச்சன் பத்தொம்பதுன்னு ரெண்டு நம்பரையும் வெட்டிப்போட்டு, "மிச்சம் ரெண்டு நம்பர் சொல்லுங்க"ன்னு உளியோட நிமிந்தார்.

"எழுபத்தொண்ணு, வண்டி நெத்தியிலயே எழுதியிருக்குதே"ன்னான் அர்த்தனாரி.

"வெட்டாதீங்க"ன்னு ஒரு சத்தம். யாருன்னு பாத்தா மாராக்கா.

மாராயி எங்க பிரிவுல லாரித் தார்ப்பாய் தைக்கறவ. அறுபதோ அறுபத்திரெண்டோ, அவளுக்கே தெரியாது. கையைத் தலைக்கு மேல சுத்திக் காதைத் தொடச்சொல்லி, தொட்டதும் வாத்தியார் வாயில வந்த தேதியை எழுதிப் பள்ளிக்கூடத்துல சேத்துக்கிட்ட காலம் அது. எத்தனையோ வருஷமா அந்த லாரி நெழல்லதான் உக்காந்து தைப்பா, எந்திரிக்கறப்போ அதோட பின்கதவை ஒருதரம் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவா. ஏன்னா அவ பொறந்ததே அந்த வண்டியிலதான்னு சின்ன வயசுல அவளுக்குச் சொன்னது, அந்த வண்டிக்கு முதல் டிரைவரா இருந்த பொங்கியண்ணன்.

அவர் சொன்னது இதுதான். புது வண்டியில முதல் லோடு ஏத்திக்கிட்டு வர்றப்போ, காட்டுக்கொட்டாய்க்கு முன்னால ஒரு பொண்ணு வலியெடுத்து நின்னுக்கிட்டிருந்தா, பேரு பாவாயி, வீட்ல ஆளில்லை, வண்டிமாடு இல்லை. அவர் ஏத்திக்கிட்டார். சங்ககிரி மலை தாண்டறதுக்குள்ள குழந்தை பொறந்துருச்சு, ஆஸ்பத்திரி வர்றதுக்குள்ள தாய் போயிட்டா. "உங்கம்மா உப்பு மூட்டை மேலதான் படுத்துட்டு வந்தா சாமி, வேற ஒண்ணும் விரிக்க இல்லை"ன்னு அழுதாராம் அந்த மனுஷன். மாராயியை வளத்தது சின்னம்மா. அம்மாவுக்கு ஒரு போட்டோ கிடையாது, வெச்சுக் கும்பிட ஒரு சேலைத்துண்டு கிடையாது. மாராயிங்கற பேருகூட ரெண்டு வழிச் சொந்தத்துலயும் யாருக்கும் கிடையாது, எங்கிருந்து வந்துச்சுன்னும் தெரியாது. இருந்தது அந்த லாரி ஒண்ணுதான்.

அதையும் நாச்சிமுத்து பிடுங்கிட்டார். பொங்கியண்ணன் செத்ததுக்கப்புறம், இவ போய், நான் பொறந்தது இந்த வண்டியிலதானுங்களான்னு கேட்டப்போ, "உன்ற வயசென்ன, வண்டி வயசென்ன, நெத்தியப் பாரு, எழுபத்தொண்ணு. அது வேற எந்த வண்டியோ, போ"ன்னுட்டார்.

இங்கதான் எங்க ஊர்ப் பழக்கம் ஒண்ணைச் சொல்லணும். லாரி வாங்கினா வெறும் சேஸ்தான் வரும், எஞ்சினும் சக்கரமும் எலும்பும். டிரைவர் பலகைப் பெட்டி மேல உக்காந்து, மூஞ்சியில துண்டைச் சுத்திக்கிட்டு ஓட்டியாருவான். அதுக்கு எங்க கணக்குல வயசே கிடையாது. பட்டறையில பாடி கட்டி, பெயிண்ட் அடிச்சு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கி, முதல் லோடா உப்பை ஏத்தினாத்தான் வண்டி பொறந்துச்சுன்னு அர்த்தம். அதனால எங்க ஊர்ல ஒரு வண்டி ரெண்டு தரம்கூடப் பொறக்கும். பழைய பாடியைக் கழட்டிப் புதுசு கட்டினா, பழைய வயசை மறந்துட்டுப் புது வருஷத்தை நெத்தியில எழுதிருவாங்க, அதையே எல்லாரும் நம்பிருவோம்.

"அந்த எழுபத்தொண்ணு பாடி கட்டின வருஷமா இருக்கும், வண்டி அதுக்கும் மூத்தது"ன்னா மாராயி.

"ஆதாரம் இருக்குதாக்கா? ஆர்சி புக்கைக் கரையான் தின்னுருச்சு, சேஸ் நம்பரு துரு புடிச்சுப் போச்சு"ன்னான் அர்த்தனாரி. கெட்டவன் இல்லைங்க, அப்பன் பேச்சை வேதவாக்கா நம்பறவன்.

"அந்தக் கல்லுல எழுபத்தொண்ணுன்னு வெட்டிட்டீங்கன்னா, எங்கம்மா படுத்துட்டுப் போன எடம்னு இந்த ஒலகத்துல ஒண்ணு இல்லைன்னு ஆயிரும் தம்பி"ன்னா. கல்தச்சன் உளியைத் துண்டுல சுத்திட்டு, "பேசி முடிச்சுட்டுக் கூப்புடுங்க"ன்னு போயிட்டார். பத்தொம்பதோட நின்னுபோன அந்தக் கல்லு மேல, மறுநாள்ல இருந்து எங்கடைக்கு வர்றவங்க டீ கிளாஸை வெக்க ஆரம்பிச்சாங்க.

மறுநாள் வெடியக்காலம் நான் கடை தொறக்கறேன், லாரி நெறையத் தவுட்டு மூட்டை. அர்த்தனாரி ஓடிவந்து, "எவன்டா ஏத்துனது?"ன்னு சத்தம் போட்டவன், மூட்டை மேல இருந்த மில்லு பேரைப் பாத்ததும் வாயை மூடிட்டான். அது வண்டியை நிறுத்தறதுக்கு முன்னால கடைசியா அவனே ஓட்டின லோடு, அந்த மில்லை மூடிப் பல காலமாச்சு. வெளக்கு வெக்கற நேரத்துக்குத் தவுடு போயிருச்சு. அடுத்த நாள் சிமிட்டி. அதுக்கடுத்து வெல்லம்.

மொதல் வாரம் எல்லாரும் வேடிக்கை பாத்தாங்க, ரெண்டாவது வாரம் பழகிப் போச்சு. காலைல பல்லு வெளக்கிட்டு, "இன்னிக்கு அங்காளம்மா என்ன கொண்டாந்திருக்கறா?"ன்னு கேட்டுக்கிட்டு டீக்கு வருவாங்க. முட்டை லோடு வந்த அன்னிக்குப் பிரிவே ஆம்லெட் தின்னுச்சு, வெளக்கு வெச்சதும் அத்தனை பேருக்கும் பசி திரும்பி வந்துருச்சு. மஞ்சள் லோடு வந்தப்போ, அந்த வருஷம் மஞ்சள் போட்டு நொந்துபோன சம்சாரி ஒருத்தர் அந்த மூட்டை மேலயே ஏறி உக்காந்து, ஒரு பாட்டம் திட்டித் தீத்துட்டு, எறங்கி வந்து, "மனசு லேசாச்சு தெய்வான, ஸ்ட்ராங்கா ஒண்ணு போடு"ன்னார். ரொம்ப நாளா சிரிக்காத மனுஷன், அன்னிக்குச் சிரிச்சார்.

அப்புறம் ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. கட்டில் பீரோவோட கல்யாணக் கோஷ்டி, கரும்பு வெட்டப் போனவங்க, கோயில் நோம்பிக்குப் போனவங்க. வந்தவங்களால பின்கதவைத் தாண்டி எறங்க முடியாது, நாமதான் ஏறணும். நமக்கு அது ஒரு பகல், அவங்களுக்கு அது வண்டியை ஓரங்கட்டி ஒரு டீ குடிக்கற நேரம். நாம யாருன்னும் அவங்களுக்குத் தெரியாது. சங்கத்துல கூடிப் பேசி ஒரே ஒரு கட்டுப்பாடு வெச்சாங்க: வந்தவங்ககிட்ட, பின்னால என்ன நடந்துச்சு, யாரு செத்தா, எதையும் மூச்சு விடக்கூடாது. ஒரம்பரையா, விருந்தாளியா வந்தவங்க சந்தோசமாப் போகட்டும்.

ஆடி மாசம் ஒருநாள், நோம்பிக்குப் போற கூட்டத்துல, மஞ்ச வேட்டி கட்டிக்கிட்டு, மீசையை முறுக்கிவிட்டுக்கிட்டு, என்ற வீட்டுக்காரர் உக்காந்திருக்கறார். அந்த மனுஷன் போய்ச் சேந்து வருசக்கணக்காச்சு. டீயை ஆத்திக் கொண்டுபோய் நீட்டறேன், ஒரு வாய் குடிச்சுட்டு, "ஏனுங்கக்கா, சக்கரை கம்மியா இருக்குதுங்களே"ங்கறார். கெரகத்த, கட்டின புருசன் என்னைய அக்காங்கறான்! ஓடிப்போய்ச் சக்கரை டப்பாவையே எடுத்தாந்து போட்டேன். உசுரோட இருந்தப்போ சக்கரை வியாதின்னு எத்தனை நாள் அந்த டப்பாவை ஒளிச்சு வெச்சேன், அன்னிக்குக் கேட்ட மட்டும் போட்டேன். பொழுதுக்கும் எதுக்கால உக்காந்து மூஞ்சியைப் பாத்துக்கிட்டே இருந்தேன். வெளக்கு வெச்சதும் எல்லாரும் போயிட்டாங்க, என்ற கிளாஸ் மட்டும் காலியாப் பலகை மேல கெடந்துச்சு. அவங்களது அவங்களோட போகும், நம்மளது நம்மகிட்டத் தங்கும், அதுதான் முறை. அந்தக் கிளாஸைக் கழுவ எனக்கு மனசு வரலை. அங்காளம்மா, உனக்குக் கோடிப் புண்ணியம்னு அந்தத் துருப்புடிச்ச வண்டியைக் கும்புட்டுட்டுப் போனேன்.

மாராயி இதையெல்லாம் பாத்துக்கிட்டே தைச்சுக்கிட்டிருந்தா. ஒவ்வொரு நாளும் லோடு என்னன்னு மட்டும் பாப்பா. புயலுக்கு நெவாரணம் கொண்டுபோன அரிசி, தேர்தலுக்குக் கொடி கட்டிப் போன கூட்டம், ஜமுக்காளம், நெல்லு. லோடு நிக்கற பகல்ல வண்டியும் அந்தந்தக் காலத்துல இருந்த மாதிரியே மாறி நிக்கும்; பொரட்டாசி வரைக்கும் செவப்பா இருந்துச்சு, நெத்தியில எழுபத்தொண்ணுன்னு இருந்துச்சு.

பொரட்டாசி கடைசியில ஒரு காலைல வண்டி பச்சையா நின்னுச்சு. பாடியே வேற, பக்கப்பலகையெல்லாம் அகலம், நெத்தியில அங்காளம்மன் தொணைன்னு மட்டும் எழுதியிருந்துச்சு. வருஷம் எழுதற பழக்கம் அப்ப வரலை போல. உள்ள பருத்திப் பொதி. எழுபத்தொண்ணுக்கு முன்னாலயும் இந்த வண்டி ஓடியிருக்குதுன்னு குருடனுக்கும் தெரிஞ்சு போச்சு.

அர்த்தனாரி ரொம்ப நேரம் அந்தப் பச்சைப் பெயிண்டையே தடவிக்கிட்டு நின்னான். அப்புறம் நேரா மாராயிகிட்ட வந்து கீழ உக்காந்தான்.

"அக்கா, எங்கப்பாவுக்கு இது தெரியாம இருந்திருக்காது. முதல் ஓட்டத்துலயே சாவு விழுந்த வண்டின்னு தெரிஞ்சா எவன் லோடு குடுப்பான்னு பயந்திருப்பார். பாடியை மாத்தினப்போ, அதைச் சாக்கா வெச்சு எல்லாத்தையும் மறைச்சுட்டார். மன்னிச்சுருக்கா."

"உங்கப்பனைத் திட்ட எனக்கு இப்ப நேரமில்லை தம்பி"ன்னா மாராயி, ஊசியை நிறுத்தாமலே. "எங்கம்மா வரப்போறா. உப்பு மூட்டை உறுத்தும்."

அப்பத்தான் பாத்தேன், அவ தைச்சுக்கிட்டிருந்தது தார்ப்பாய் இல்லை. பழைய நூல் சேலைங்களை மடிச்சு மடிச்சு, நடுவுல இலவம்பஞ்சு வெச்சு, ஒரு மெத்தை. கேள்விப்பட்டதும் பிரிவே வீட்டுக்கு ஒரு சேலை கொண்டாந்து குடுத்துச்சு, எங்கம்மா சேலை, எங்க மாமியா சேலைன்னு. அர்த்தனாரி அவங்கம்மாவோட கூறைச்சேலையையே கொண்டாந்தான். "இதைய மேலாப்புல வெச்சுத் தைங்க்கா"ன்னான். மாராயி அவனை நிமிந்து பாத்துட்டு, அப்படியே வெச்சா.

ஐப்பசியில ஒரு காலைல, கடை தொறக்கறதுக்கு முன்னாலயே பெயிண்ட் வாசம் ரோடு வரைக்கும் அடிச்சுது. வண்டி பளபளன்னு, நெத்தியில சந்தனம் குங்குமத்தோட, சக்கரத்தடியில நசுங்கின எலுமிச்சம்பழத்தோட நின்னுச்சு. முன்னால பொங்கியண்ணன், மீசைகூடச் சரியா மொளைக்கலை, ஸ்டார்ட் பண்ணிப் பண்ணிப் பாத்துக்கிட்டு, "ஏனோ புடிக்க மாட்டேங்குதே"ன்னு பொலம்பிக்கிட்டிருந்தார். பின்னால வெள்ளை உப்பு மூட்டை. அது மேல ஒரு பொண்ணு, பத்தொம்பது இருபது வயசு, ஒருக்களிச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தா. மாராயி மூக்கு அவளுக்கு, மாராயி நெத்தி.

மாராயி மெத்தையைச் சுருட்டி இடுப்புல வெச்சுக்கிட்டு, இந்த வயசுல, பொக்குனு சக்கரத்துல கால் வெச்சு ஏறிட்டா. நானும் சுடுதண்ணியோட ஏறினேன்.

"கொஞ்சம் எந்திரி கண்ணு, இதைய விரிச்சுக்கறேன்."

பாவாயி எந்திரிச்சு, விரிச்சதும் படுத்து, "அப்பாடா"ன்னா. அப்புறம் மாராயி கையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, "ஆத்தா, போயிராதீங்க. பயமா இருக்குது, தொணைக்கு ஒரு பொம்பள இல்லை"ன்னா.

"போகமாட்டேன் சாமி. இங்கதான் இருக்கறேன்."

ஆரம்ப சுகாதார நிலைய நர்சம்மாவுக்குச் சொல்லிவிட்டு வரவெச்சோம். எறக்கிக் கொண்டுபோக முடியாதுன்னு தெரிஞ்சும், கையைக் கட்டிக்கிட்டுப் பாத்துட்டிருக்க முடியுமா? அந்தம்மா ஏறி, நாடி பாத்து, குழந்தையோட நெஞ்சுத் துடிப்பு கேக்கற சின்ன மிஷினை வயித்துல வெச்சாங்க. குடுகுடுன்னு ஓடற சத்தம் வேப்பமரத்தடி பூராக் கேட்டுச்சு. "நல்ல கெட்டியான புள்ள"ன்னாங்க. மாராயி தன் நெஞ்சு மேல கையை வெச்சுக்கிட்டு, தன்னோட சத்தத்தைத் தானே கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. கீழ நின்ன லாரிக்காரங்க அத்தனை பேரும் துண்டால மூஞ்சியைத் தொடைச்சாங்க.

அர்த்தனாரி மெதுவா முன்பக்கம் போய், "ஏனுங்க, இது என்ன வருஷமுங்க?"ன்னு கேட்டான்.

"வருஷம் கேக்கற நேரத்தப் பாரு"ன்னார் பொங்கியண்ணன். "சோபகிருது வருஷம், ஐப்பசி மாசம். நேத்துத்தான் பட்டறையில பாடி முடிஞ்சு பூசை போட்டு உப்பு ஏத்தினோம்."

எங்கடைச் செவுத்துல தொங்கற காலண்டரை நான் எட்டிப் பாத்தேன். நாங்க நின்னுக்கிட்டிருந்ததும் சோபகிருது வருஷம், ஐப்பசி மாசம்தான். அறுபது வருஷச் சக்கரம் முழுசா ஒரு சுத்துச் சுத்தி வந்திருக்குது. சேதி கேட்டு வந்து பாத்துக்கிட்டே நின்ன கல்தச்சன் விரல் விட்டு எண்ணி, "இது இருபத்திமூணு, அப்ப அது அறுபத்திமூணு"ன்னு கல்லுகிட்டப் போய்க் குத்தவெச்சார்.

உளிச் சத்தம் கேட்டுப் பாவாயி, "என்ன சத்தம் ஆத்தா, கோயில் வேலையா?"ன்னா.

"ஆமா கண்ணு. உனக்குத்தான்."

அவ சிரிச்சா. வலி வர்றதும் போறதுமா இருந்துச்சு. மாராயி அவளுக்குத் தலை சீவிப் பின்னி விட்டா, டீயை ஊதி ஊதிக் குடுத்தா. வலி விட்ட ஒரு நேரத்துல பாவாயி, "என்ற புள்ள நல்லா இருக்குமா ஆத்தா?"ன்னு கேட்டா.

கட்டுப்பாடு வெச்ச சங்கத்தாளுங்க எல்லாம் கீழ நின்னுக்கிட்டு வேற பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

"நல்லா இருக்கும் சாமி. கைத்தொழில் கத்துக்கிட்டு, நாலு பேருக்கு நல்லவளா, யாருகிட்டயும் கையேந்தாம இருக்கும். உன்னைய நெனைக்காத நாளே இருக்காது. நீ பெத்துப் போட்டயே, அதுக்கே அது உனக்குக் கடைசி வரைக்கும் நன்றி சொல்லிக்கிட்டே இருக்கும்"னா மாராயி.

"பொட்டப்புள்ளன்னே சொல்றீங்க பாருங்க"ன்னு சிரிச்சவ, "உங்க பேரென்னங்க ஆத்தா?"ன்னா.

மாராயி குனிஞ்சு அவ பின்னலைச் சரி பண்ணினா. நான்தான் சொன்னேன், "மாராயி"ன்னு.

"நல்ல பேரு. அதையே வெச்சர்றேன்." எட்டி முன்பக்கம் குரல் குடுத்தா: "ஏனுங்கண்ணா, பொண்ணு பொறந்தா மாராயி. நான் மறந்துட்டாலும் நீங்க ஞாபகம் வெச்சுக்கங்க."

"சரி புள்ள, நான் வெச்சுக்கறேன்"ன்னார் பொங்கியண்ணன்.

பொழுது எறங்குச்சு. நாங்க எல்லாரும் எறங்கிட்டோம், மாராயி மட்டும் அம்மா கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அன்னிக்கு ஒருத்தருக்கும் வெளக்கு வெக்க மனசில்லை, எங்கடையில நான் சுச்சுகிட்டயே போகலை. ஆனா ரோட்டு வெளக்கு அதுபாட்டுக்கு எரிஞ்சுருச்சு. எஞ்சின் புடிச்ச சத்தம் ஒண்ணு கேட்டுச்சு.

அப்புறம் பழைய துருப்புடிச்ச லாரி, நாலு கல்லு மேல. உள்ள மாராயி மட்டும், வெறும் பலகையில. நான் டீ குடுத்த கிளாஸ் ஒரு பக்கம், சீவின சீப்பு ஒரு பக்கம், நர்சம்மா மறந்து வெச்ச கையுறை ஒரு பக்கம், எங்களது எல்லாம் முறைப்படி எங்ககிட்டயே தங்கிருச்சு. மாராயி பலகையைக் கையால தடவித் தடவித் தேடினா. நானும் டார்ச் அடிச்சுத் தேடினேன்.

மெத்தையைக் காணோம்.

"கூடவே போயிருச்சு தெய்வான"ன்னு என்னைக் கட்டிக்கிட்டா மாராயி, அழுகையும் சிரிப்புமா. "எங்கம்மாவுக்கு உப்பு உறுத்தியிருக்காது."

நான் போய் எல்லாருக்கும் டீ போட்டேன்.